கோவை கிரைண்டர் கப்பல் ஏறும் முன்: கையெழுத்து யாருடையது?

"ஏழே நாளில் சி.இ. சான்றிதழ், கட்டணம் பேசிக்கொள்ளலாம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தைக் கோவையிலோ ராஜ்கோட்டிலோ இயந்திரம் செய்து விற்கும் எவரும் பார்த்திருப்பார். சி.இ. என்பது பொருள் ஐரோப்பியச் சட்டங்களுக்கு உட்பட்டது என்று காட்டும் குறி. பணம் கட்டினால் தங்கக் கரை போட்ட ஒரு தாள் வரும். அதில் முத்திரை இருக்கும், எண் இருக்கும், ஐரோப்பாவில் எங்கோ ஒரு முகவரியும் இருக்கும். ஃபிரேம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டலாம். அதற்கு மேல் அந்தத் தாளால் ஆகக்கூடியது அதிகமில்லை. மாவு அரைப்பது, மசாலா கலப்பது, காய் நறுக்குவது போன்ற வேலைகளுக்கான பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஐரோப்பியச் சட்டம் வெளியாள் தரும் சான்றிதழைக் கேட்பதே இல்லை. உற்பத்தியாளரின் கையெழுத்தைத்தான் கேட்கிறது.

உணவு பதப்படுத்தும் இயந்திரங்களுக்கு எந்த நாட்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினாலும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது. இது ஆளின் கையைப் பிடித்து இழுக்காது, சாப்பாட்டைக் கெடுக்காது என்று யார் பொறுப்பேற்பது? செய்தவரே ஏற்கட்டும் என்கிறது ஐரோப்பா. செய்தவர் பேச்சை எப்படி நம்புவது, மூன்றாம் ஆள் சோதித்துச் சொல்லட்டும் என்கிறது அமெரிக்கா. ஒவ்வொரு சரக்கும் கிளம்பும்போதே எனக்குத் தாளைக் காட்டு என்கின்றன சவூதியும் கென்யாவும். இந்த மூன்று போக்கும் பிடிபட்டுவிட்டால், எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்கிற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

நம்மூர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் கோவையில் ப. சபாபதி மின்மோட்டாரில் ஓடும் வெட் கிரைண்டரை உருவாக்கினார் என்பது பதிவான வரலாறு. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் கோவையின் மோட்டார் பட்டறைகளும் சேர்ந்து வளர்த்த தொழில் அது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இன்று பாரிஸின் லா ஷப்பேல் பகுதியிலோ லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ இட்லி விற்கும் கடைக்காரர் ஒருவர், டிரம்மைச் சாய்த்து மாவை எடுக்கும் ஓட்டல் சைஸ் டில்டிங் கிரைண்டர் இரண்டு வேண்டும் என்று போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டரை உடனே எழுதிக்கொள்ளலாம். அதை எந்தச் சட்டத்தின் கீழ் அனுப்புவது என்பதில்தான் முதல் சிக்கல்.

வீட்டுக்கான 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஐரோப்பாவில் குறைந்த மின்னழுத்த டைரக்டிவின் கீழ் வரும். டைரக்டிவ் என்பது ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கு வகுக்கும் சட்டம். இதன் எண் 2014/35. ஓட்டலுக்கான டில்டிங் கிரைண்டரோ 2006/42 என்ற எண் கொண்ட இயந்திர டைரக்டிவின் கீழ் வரும். இரண்டிலும் ஒரே கல், ஒரே மோட்டார் கம்பெனி, ஒரே பட்டறை. சட்டம் மட்டும் வேறு. வீட்டு உபயோகத்துக்கென்று செய்து விற்கும் மின்சாதனங்களை இயந்திர டைரக்டிவே தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. சுங்கத்திலும் இதே பிரிவினை எதிரொலிக்கும். வீட்டு கிரைண்டருக்குச் சுங்கத் தலைப்பு 8509. தொழில்முறை உணவு இயந்திரங்கள் 8438-இலோ, தானிய அரைவை என்றால் 8437-இலோ போகும். ஷிப்பிங் பில்லில் வீட்டுச் சாதனம் என்று எழுதிவிட்டு, கூடவே வரும், உற்பத்தியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளில் இயந்திர டைரக்டிவைக் குறிப்பிட்டால், ஹாம்பர்க்கில் இருக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. பில் போடுபவரும் தாள் எழுதுபவரும் ஒரே அறையில் உட்காராத கம்பெனிகளில் இது சாதாரணமாக நடக்கும்.

இயந்திர டைரக்டிவ் முதலில் எதிர்பார்ப்பது ஆபத்து மதிப்பீடு. அதற்கான அடிப்படைத் தர ஆவணம் ஐ.எஸ்.ஓ. 12100. இயந்திரத்தைச் சுற்றி வந்து எங்கே நசுங்கும், எங்கே சுற்றிக்கொள்ளும், எங்கே ஷாக் அடிக்கும், கழுவும்போது என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். பிறகு ஒழுங்கு வரிசை ஒன்று உண்டு. ஆபத்தை வடிவமைப்பிலேயே ஒழிக்க வேண்டும். முடியாவிட்டால் காப்பு போட வேண்டும். அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பதற்குத்தான் எச்சரிக்கைப் பலகை. நம் பட்டறைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. "கையை உள்ளே விடாதீர்" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள்.

ஓட்டல் சமையலறையில் கிரைண்டர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் ஓரத்தில் ஒட்டிய உளுந்தை வெறுங்கையால் கல்லுக்கு அடியில் தள்ளிவிடுவார், தண்ணீர் தெளிப்பார், விரலால் மாவின் பதம் பார்ப்பார். இந்தக் காட்சியை ஐரோப்பியச் சட்டம் "எதிர்பார்க்கக்கூடிய தவறான பயன்பாடு" என்ற கணக்கில் எடுத்துக்கொள்ளும். பயன்படுத்துபவர் அப்படிச் செய்வார் என்று செய்பவருக்குத் தெரியும் என்றால், அதற்கும் சேர்த்து வடிவமைக்கத்தான் வேண்டும். அதனால் திறந்தால் மோட்டார் நின்றுவிடும் மூடி வேண்டும். மூடியை அகற்றாமலே தண்ணீர் ஊற்ற வழி வேண்டும். சாய்க்கும்போது டிரம் தானாக விழாதபடி பூட்டு வேண்டும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் இயந்திரம் தானே ஓட ஆரம்பிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது ஒரு சின்னக் கான்டாக்டர் (கரண்ட் போனால் தானே விடுபடும் மின்காந்த ஸ்விட்ச்) சமாச்சாரம். இருந்தும் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்யும் பல மாடல்களில் அது இருப்பதில்லை. போட்ட ஸ்விட்ச் போட்டபடியே இருக்கும். கரண்ட் வந்ததும் டிரம் சுற்ற ஆரம்பித்துவிடும்.

கல் என்ற தொல்லை

உணவு இயந்திரங்களுக்கென்று அந்த டைரக்டிவின் முதல் இணைப்பில் தனிப் பகுதி உண்டு. உணவு படும் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். உணவுத் துணுக்கு தங்கும் விளிம்போ பிளவோ கூடாது. முழுதாகக் கழுவ முடிய வேண்டும், கழுவிய நீர் முழுதாக வடிய வேண்டும். பூச்சி புகக் கூடாது. கிரீஸ் உணவில் கலக்கக் கூடாது. இதை விரித்துச் சொல்லும் தர ஆவணம் இ.என். 1672-இன் இரண்டாம் பகுதி. அது இயந்திரத்தை உணவு படும் இடம், தெறிக்கும் இடம், உணவு படாத இடம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்.

இங்கேதான் வெட் கிரைண்டர் ஒரு சுவையான வழக்கு. கல் சொரசொரப்பாக இருந்தால்தான் அரையும். வழவழப்பாகிவிட்டால் கொத்த ஆள் கூப்பிட வேண்டும். சட்டமோ வழவழப்பைக் கேட்கிறது. கல்லில் நுண்துளைகள் உண்டு, அவற்றில் புளித்த மாவு தங்கும். இதற்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் எழுத வேண்டும். அரைக்கும் முகம் சொரசொரப்பாக இருப்பது இயந்திரத்தின் வேலைக்கே அவசியம் என்பதையும், அந்த ஆபத்தை எப்படிக் குறைக்கிறோம் என்பதையும் மதிப்பீட்டில் சொல்ல வேண்டும். கல்லை எளிதாகக் கழற்றலாம், இன்ன தூரிகையால் இத்தனை வெந்நீரில் கழுவி இத்தனை நேரம் உலர்த்த வேண்டும் என்று கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும். கழுவிய பிறகு கிருமி எண்ணிக்கை எவ்வளவு என்று சோதித்த முடிவும் கோப்பில் இருந்தால் வாதம் நிற்கும். கழுவும் முறையைக் கையேட்டில் சொல்வது உபசாரம் அல்ல, சட்டமே கேட்பது. கையேடு விற்கும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பாரிஸ் கடைக்காரர் தமிழராக இருக்கலாம். கையேடு பிரெஞ்சில்தான் போக வேண்டும்.

கல்லைவிடப் பலர் கவனிக்காமல் விடுவது கல்லை டிரம்மோடு பிடித்து வைக்கும் பசை, கல்லின் நடுவே ஓடும் புஷ், மாவை வழித்துத் தள்ளும் நைலான் தகடு, ரப்பர் சீல். இவை எல்லாமே உணவு படும் பொருள்கள். ஐரோப்பாவின் 1935/2004 சட்டப்படி இவற்றிலிருந்து உடம்புக்குக் கேடு செய்யும் அளவில் எதுவும் உணவில் இறங்கக் கூடாது, உணவின் சுவையும் மணமும் மாறக் கூடாது. பிளாஸ்டிக் என்றால் 10/2011 என்ற கூடுதல் சட்டம். மொத்தமாக இறங்கும் அளவு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோதனையில் மாவுக்குப் பதிலாக மாதிரித் திரவம் ஊற்றுவார்கள். புளிப்பான உணவுக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், எண்ணெய்க்குத் தாவர எண்ணெய். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாகம் என்பதால் ஒரே துண்டை மூன்று முறை சோதிப்பார்கள். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. போன்ற இடங்களில் இந்தச் சோதனைகளைச் செய்துகொள்ளலாம். ஐரோப்பாவுக்கே மாதிரி அனுப்ப வேண்டும் என்பதில்லை. உள்ளே மாவு தெரியட்டும் என்று பாலிகார்பனேட் மூடி போடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாலிகார்பனேட் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளை உணவு படும் பொருள்களில் தடைசெய்யும் 2024/3190 சட்டம் 2025 ஜனவரி 20 அன்று அமலுக்கு வந்தது. பொதுவான மாற்றக் காலம் 2026 ஜூலை 20 வரை. தொழில்முறைக் கருவிகளில் சிலவற்றுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் உண்டு.

உலோகத்தில் நம் ஆட்கள் ஏமாறும் இடம் வேறு. "எஸ்.எஸ். டிரம்" என்று கேட்டலாகில் போட்டால் வாங்குபவர் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நினைத்துக்கொள்வார். உள்ளே இருப்பது 200 வரிசைத் தகடாக இருக்கலாம், அதாவது நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் இரண்டுமே பெரிதாக ஒட்டாது. புளியும் உப்பும் படும் இடத்தில் சில மாதம் கழித்துப் புள்ளி புள்ளியாகத் துரு வரும்போதுதான் தெரியும். அதனால் தகடு வாங்கும்போதே மில் டெஸ்ட் சர்டிஃபிகேட், அதாவது பட்டறைப் பேச்சில் எம்.டி.சி., கேட்டு வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) தகட்டின் மேல் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதே முதல் வேலை. ஐரோப்பிய வாங்குநர்கள் இ.என். 10204 தரத்தின் 3.1 வகைச் சான்று என்று கேட்பது இதைத்தான். தகட்டை டிரம்மாக வெட்டிய பிறகு எண் காணாமல் போய்விடும். எந்த டிரம் எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காதவர்களால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

அலுமினிய வார்ப்புகளில் இன்னும் கூர்மையான சிக்கல் உண்டு. பழைய இரும்புக்கடைச் சரக்கை உருக்கி வார்த்தால் ஈயம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. உணவு படும் உலோகங்கள் பற்றிய ஐரோப்பியக் கவுன்சிலின் 2020 தீர்மானம் ஒரு கிலோ உணவில் ஈயத்துக்கு வைத்திருக்கும் எல்லை 0.010 மில்லிகிராம், அலுமினியத்துக்கு 5 மில்லிகிராம். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்கள் உணவில் ஈயம் கசியவிடலாம் என்று எச்சரித்தது. எச்சரிக்கை பாத்திரத்தைப் பற்றியதுதான். ஆனால் அதே ஃபவுண்டரியில் அதே கலவையில் கிரைண்டருக்கு வார்ப்பு எடுப்பவர் அதைத் தன் விஷயமாகவே படிக்க வேண்டும்.

வடிவமைப்பு, மதிப்பீடு, சோதனை, வரைபடம், வயரிங், பாகங்களின் சான்று எல்லாம் சேர்ந்ததுதான் தொழில்நுட்பக் கோப்பு. கடைசி இயந்திரம் தயாரான நாளிலிருந்து 10 ஆண்டு அதை வைத்திருக்க வேண்டும். அதைத் தொகுத்துத் தர அதிகாரம் பெற்ற ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் உறுதிமொழியில் வரும். இதோடு, 2021 ஜூலை 16 முதல் 2019/1020 சட்டப்படி பொருளுக்குப் பொறுப்பான ஒரு நபரோ நிறுவனமோ ஒன்றியத்துக்குள் இருந்தாக வேண்டும். இறக்குமதியாளரே அந்த ஆளாக இருக்கலாம். பாரிஸ் கடைக்காரர் நேரடியாக உங்களிடம் வாங்கினால் அவர்தான் இறக்குமதியாளர். அந்தப் பொறுப்பு தன் தலையில் விழுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்பது வேறு கதை. ஆர்டர் பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது, விபத்து நடந்த பிறகு சொல்வதைவிட.

உற்பத்தியாளர் கையெழுத்தே போதும் என்பதற்கு விதிவிலக்கும் உண்டு. இறைச்சி வெட்டும் பேண்ட் சா போன்ற சில இயந்திரங்கள் அதிக ஆபத்துப் பட்டியலில் உள்ளன. அங்கே "நோட்டிஃபைடு பாடி" எனப்படும் மூன்றாம் தரப்பு அமைப்பு பல நேரம் உள்ளே வரும். மிளகாய், மஞ்சள், மைதா அரைக்கும் பல்வரைசர்களுக்கு இன்னொரு கவலை. பறக்கும் நுண்தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் 2014/34 என்ற வெடிச்சூழல் டைரக்டிவையும் பார்க்க வேண்டும்.

லண்டனைப் பற்றி ஒரு வரி போதும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு யு.கே.சி.ஏ. என்று தனிக் குறி வந்தது. ஆனால் இயந்திரங்கள் உட்படப் பல பொருள்களுக்குச் சி.இ. குறியையே காலவரையின்றி ஏற்பதாக பிரிட்டன் சட்டம் போட்டுவிட்டது.

அமெரிக்காவில் யாரும் உங்கள் கையெழுத்தைக் கேட்பதில்லை

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு உணவகம் திறக்கிறார்கள். அங்கே கௌண்டி சுகாதார ஆய்வாளர் வருவார், மின் ஆய்வாளரும் வருவார். இருவரும் இயந்திரத்தின் பின்புறம் குனிந்து தேடுவது ஒரு சின்ன ஸ்டிக்கரை. மின் பாதுகாப்புக்கு யு.எல்., ஈ.டி.எல். போன்ற குறி, அவை தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா அங்கீகரித்த சோதனை நிறுவனங்களுடையவை. சுகாதாரத்துக்கு என்.எஸ்.எஃப். குறி, அல்லது அதே தரத்துக்குச் சோதித்த ஈ.டி.எல். சானிட்டேஷன் போன்ற குறி. தொழில்முறை மோட்டார் இயந்திரங்களுக்கு யு.எல். 763, சுகாதாரத்துக்கு என்.எஸ்.எஃப். 8, பொருள்களுக்கு என்.எஸ்.எஃப். 51. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான ஏ.என்.எஸ்.ஐ.-யின் அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் சான்று பெற்ற கருவியானால் அது தம் பொருள், வடிவமைப்பு விதிகளுக்கு உட்பட்டதாகவே கருதப்படும் என்று எஃப்.டி.ஏ.-வின் மாதிரி உணவு விதித்தொகுப்பு சொல்கிறது. பல மாநிலங்கள் அந்தத் தொகுப்பை ஒட்டியே விதி வகுத்திருக்கின்றன. அதனால்தான் ஆய்வாளர் கோப்பைக் கேட்காமல் ஸ்டிக்கரைத் தேடுகிறார்.

சான்று ஒருமுறை வாங்கினால் முடிந்துவிடாது. சோதனை நிறுவனத்தின் ஆள் கோவைக்கே வந்து அவ்வப்போது பட்டறையைப் பார்ப்பார். சோதனையில் காட்டிய கேபிளுக்குப் பதில் வேறு கேபிள் போட்டிருந்தால் அங்கேயே பிடிபடும். ஸ்டிக்கர் இல்லாத இயந்திரம் ஏற்கெனவே கடைக்குப் போய்விட்டால், அந்த இடத்துக்கே நிபுணரை வரவழைத்து அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் சோதிக்கும் வழியும் உண்டு. செலவு கடைக்காரர் கையைக் கடிக்கும். "எஃப்.டி.ஏ. சான்று பெற்ற கிரைண்டர்" என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். எஃப்.டி.ஏ. கிரைண்டருக்குச் சான்று தருவதில்லை. எந்தெந்தப் பொருள் உணவில் படலாம் என்று விதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. நம்மிடம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் அதுவே. அமெரிக்காவில் சாதாரண பிளக்கில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைச் சரிசெய்யலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. இங்கே நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் நாலு போல் இண்டக்‌ஷன் மோட்டார் அங்கே ஏறத்தாழ 1,725 ஓடும். புல்லி அளவை மாற்றாவிட்டால் டிரம் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும், இட்லி கல்லாகும். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இருக்கும் அமீரகத்தில் 50. "வளைகுடா மாடல்" என்று ஒரே மாடலை விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வளைகுடா, ஆப்பிரிக்க நடைமுறையை நீட்டிச் சொல்ல அதிகமில்லை. சவூதிக்கு சேபர் என்ற இணையதளத்தில் பொருளுக்கு ஒரு சான்று, பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சான்று. கென்யா, தான்சானியா, நைஜீரியா போன்ற நாடுகள் கப்பல் ஏறும் முன்பே அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனத்திடம் சான்று வாங்கச் சொல்கின்றன. வேலை கடினமில்லை, தேதி முக்கியம். சான்று வரும் முன் கன்டெய்னர் கிளம்பிவிட்டால் துறைமுகத்தில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் பக்கத்துத் தடைகள்

இயந்திரத்தைச் சுற்றி அடிக்கும் மரப்பெட்டிக்கும் சட்டம் உண்டு. மரப் பேக்கிங்கில் பூச்சி பரவாமல் தடுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி மரத்தின் உள்ளே வரை 56 டிகிரி வெப்பம் குறைந்தது 30 நிமிடம் ஏற வேண்டும், அல்லது புகைமூட்டம் போட வேண்டும். செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை மரத்தில் பதிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு பலகை குறைந்தது என்று பக்கத்து மரக்கடையில் வாங்கி அடித்துவிட்டால், அந்த ஒரு பலகையால் மொத்தச் சரக்கும் நிற்கலாம். பிளைவுட் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். காபி, பழம், மூலிகை உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையரும் ஸ்பிரே டிரையரும் உயிரி ஆயுதம் செய்யவும் பயன்படலாம் என்பதால் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. இரசாயன, உயிரி ஆயுதங்கள் பரவாமல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் ஆஸ்திரேலியா குழுவில் இந்தியா 2018 ஜனவரியில் சேர்ந்தது. அந்தக் குழுவின் பட்டியலுக்கு ஒத்த ஸ்கோமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலை இந்திய வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி. வெளியிடுகிறது. எல்லா டிரையரும் அதில் சிக்காது. உள்ளேயே கிருமிநீக்கம் செய்ய முடிவதா, 24 மணி நேரத்தில் 10 கிலோவுக்கு மேல் பனிக்கட்டி பிடிக்குமா போன்ற அளவுகள் உண்டு. சிக்கினால் அனுமதி இல்லாமல் அனுப்புவது குற்றம். வாங்குபவர் உண்மையிலேயே காபிதான் செய்கிறாரா என்று விசாரித்து எழுதி வைத்துக்கொள்வதும் ஏற்றுமதியாளரின் வேலைதான். கிரைண்டர்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அவர்களுக்கு அடுத்த தேதி 2027 ஜனவரி 20. அன்றிலிருந்து பழைய இயந்திர டைரக்டிவுக்குப் பதிலாக 2023/1230 என்ற புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வருகிறது. கையேட்டை டிஜிட்டலாகத் தரலாம் என்ற சலுகை அதில் உண்டு. பேனலில் இணைய இணைப்பு இருந்தால், வெளியாள் புகுந்து கட்டுப்பாட்டைக் கெடுக்க முடியாதபடி காப்பு வேண்டும் என்ற புதுச் சுமையும் உண்டு. கணக்கில் எடுக்கப்படுவது மாடல் அல்ல, ஒவ்வொரு தனி இயந்திரமும் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையும் நாள். 2026 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் ஏற்றிய டில்டிங் கிரைண்டர் பிப்ரவரியில் பிரான்சின் லா ஹாவ்ர் துறைமுகத்தில் இறங்கினால், பழைய எண் போட்ட உறுதிமொழியோடு சுங்கத்தின் முன் நிற்க வேண்டி வரும். அந்த ஆர்டர்களுக்கு இப்போதே புதிய சட்டத்தின்படி கோப்பைத் திருத்தி எழுதத் தொடங்கலாம்.